பட்டறைக் காட்சி எச்சிங்குகள்: கேள்வி பதில்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டறைக் காட்சி எச்சிங்குகள் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து, மை தடவித் தாளில் அச்சிட்ட படங்கள்) பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எண்ணெய் ஓவியம் பற்றிக் கேட்டவர்கள் அந்தத் துறைக்காரரைக் கேளுங்கள்.

மதுரை வாசகர்: அமெரிக்க ஓவியர் விஸ்லரின் ‘தி ஃபோர்ஜ்’ கொல்லன் பட்டறைப் படம் ஒரு பிரதியில் கருகருவென்றும் இன்னொன்றில் வெளிறியும் இருக்கிறது. எது அசல்?

இரண்டுமே ஒரே தகட்டிலிருந்து வந்திருக்கலாம். 1861இல் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் வரைந்தது. 1871இல் வெளியான, லண்டனின் தேம்ஸ் நதிக் காட்சிகளோடு வேறு படங்களும் சேர்ந்த ‘தேம்ஸ் தொகுப்பின்’ 16 படங்களில் ஒன்று. எச்சிங் என்று பொதுவாகச் சொன்னாலும் இது ட்ரைபாயின்ட். எச்சிங்கில் செப்புத் தகட்டுக்கு மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் கீறி, அமிலத்தில் முக்குவார்கள். ட்ரைபாயின்ட்டில் அமிலமே கிடையாது. ஊசி செம்பை நேராகக் கிழிக்கும்; உழுத சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குவதுபோல் கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். மையைப் பிடித்துவைப்பது அந்தப் பிசிறுதான். பட்டறையின் இருட்டு முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு முறை அச்சு உருளைக்குள் போகும்போதும் பிசிறு நசுங்கும். சில பத்துப் பிரதிகளிலேயே கருமை தளர்ந்துவிடும். இருட்டு போனால் உலை வெளிச்சமும் போயிற்று. இரண்டில் ஒன்றை வாங்குவதாக இருந்தால் கறுத்த பிரதியைத்தான் வாங்குவேன்.

சேலம் வாசகர்: தாத்தா வைத்திருந்த தச்சுப் பட்டறைப் படம். என்ன விலை போகும்?

போனில் எடுத்த படத்தைப் பார்த்து விலை சொல்ல மாட்டேன். சொல்பவரையும் நம்பாதீர்கள்.

சென்னை வாசகர்: ஓரம் பழுப்பாகிவிட்டது. வெட்டிவிட்டு ஃப்ரேம் போடலாமா?

கூடாது. கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். தகடு அழுந்திய தடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. செல்லோ டேப்பும் வேண்டாம்; அதன் பசை தாளைத் தின்றுவிடும். அமிலமில்லாத அட்டை வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

கோவை வாசகர்: எங்கள் வீட்டுப் படத்தில் மூன்று கொல்லர்கள். மூவருக்கும் இடது கையில் சுத்தியல். ஓவியர் பட்டறையையே பார்த்ததில்லையோ?

நேரில் பார்த்து வரைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலம் மாறித்தான் விழும். கண்ணால் கண்டதை அப்படியே தகட்டில் கீறினால், வலக்கைக் கொல்லர் அச்சில் இடக்கைக்காரர் ஆகிவிடுவார்.

திருச்சி வாசகர்: ஒப்புக்கொள்ள முடியவில்லை ஐயா. தொழில் தெரிந்தவர் தகட்டிலேயே திருப்பி வரைந்துவிட மாட்டாரா?

பிறர் ஓவியத்தை எச்சிங்காக்கியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். கண்ணாடியில் பார்த்தோ, படியெடுத்த தாளைத் திருப்பிப் போட்டோ வரைவார்கள். விஸ்லர் வேறு ரகம். 1879-80இல் வெனிஸில் தகட்டோடு போய் இடத்தைப் பார்த்து நேரே கீறினார். அந்தப் படங்களில் ஊரே இடம் வலம் மாறியிருக்கிறது. திருத்த அவர் மெனக்கெடவில்லை.

மீண்டும் கோவை: இடக்கைக் கொல்லர் இருக்கக் கூடாதா?

ஒருவர் இருக்கலாம். மூவருமா? சரி, கோட்டுப் பொத்தான்களைப் பாருங்கள். ஆண்கள் கோட்டில் அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். படத்தில் அது மாறியிருந்தால் திருப்பம் உறுதி. சுவரில் எழுத்து ஏதும் இருந்தால் அதைச் சான்றாக எடுக்காதீர்கள். படத்தைத் திருப்பாதவர்கூட எழுத்தை மட்டும் திருப்பி எழுதியிருப்பார்.

ஈரோடு வாசகர்: விலை எவ்வளவு இருக்கும்?

சேலம் வாசகருக்குச் சொன்னதுதான். விலையை விடுங்கள், முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது பத்திரிகை அச்சு. தகட்டுத் தடம் இருப்பதால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். புகைப்படத்தைத் தகட்டில் ஏற்றி அச்சிடும் போட்டோகிராவூரிலும் தடம் விழும்.

தஞ்சை வாசகர்: இந்தியக் கைவினைஞர்களை யாரும் எச்சிங் செய்யவில்லையா?

ஆன்ட்வெர்ப்காரர் பால்தசார் சோல்வின்ஸ் செய்தார். கல்கத்தா மக்களையும் தொழில்களையும் 250 எச்சிங்குகளாக 1799இல் அங்கேயே வெளியிட்டார். 1808 முதல் 1812 வரை பாரிஸில் நான்கு பெரிய தொகுதிகள் வந்தன. அவசியம் பாருங்கள்.

சென்னை வாசகர், மறுபடியும்: விஸ்லரே ஓரத்தை வெட்டினாராமே?

வெட்டினார். தடத்தை ஒட்டி வெட்டி, நாக்குபோல் நீட்டிய ஒரு சின்னத் தாள் துண்டை மட்டும் விட்டு, அதில் தன் பட்டாம்பூச்சி முத்திரையைப் பென்சிலால் போட்டார். வரைந்தவர் அவர். நீங்கள் வெட்டாதீர்கள்.