லெமூரா, ராட்சத சாலமண்டரா: எதற்கு ஆபத்து அதிகம்?

கேள்வி: தொடக்கநிலை 5 படிக்கும் என் மகள் பள்ளிச் செயல்திட்டத்துக்காக வளையவால் லெமூரையும் சீன ராட்சத சாலமண்டரையும் ஒப்பிட்டு எழுதுகிறாள். மண்டாய் விலங்குத் தோட்டத்தில் லெமூர்களைக் கூட்டமாகவே பார்த்தோம். சாலமண்டரைச் சீனப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் வளர்க்கிறார்களாம். பிறகு எப்படி இவை அருகிவரும் விலங்குகள்? எதற்கு ஆபத்து அதிகம் என்று எழுதுவது?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சாலமண்டருக்குத்தான். விலங்குத் தோட்டத்திலும் பண்ணையிலும் எத்தனை இருக்கின்றன என்பதை வைத்து ஐயூசிஎன் (இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம்) வெளியிடும், அருகிவரும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியல் முடிவு செய்வதில்லை. இயற்கையில் எவ்வளவு மிச்சம் என்றே பார்க்கிறது. அதன்படி சாலமண்டர் ‘மிக அருகிய இனம்’. லெமூர் ஒரு படி கீழே, ‘அருகிய இனம்’.

சாலமண்டரைப் பற்றி மகள் விரிவாக எழுதட்டும். 1.8 மீட்டர் வரைகூட வளரும் இந்த நீர்நிலவாழ் உயிரி, பெரும்பாலும் தோல் வழியாகவே மூச்சுவிடுகிறது. விலாப்பக்கம் புடவைக் கொசுவம் போலத் தோல் மடிந்து தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். மடிப்பு கூடக்கூடத் தண்ணீரிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜனும் கூடும். அதனால்தான் அதற்குக் குளிர்ந்த, சுத்தமான, ஓடும் தண்ணீர் வேண்டும். மலையோடையில் அணை கட்டினாலோ கழிவு கலந்தாலோ அது தாங்காது. அதைவிடப் பெரிய ஆபத்து மனிதரின் நாக்கு. விலையுயர்ந்த விருந்து உணவாகிவிட்டதால் ஓடைகளில் தேடித்தேடிப் பிடித்தார்கள். பண்ணைகளுக்கும் அங்கிருந்தே பிடித்துச் சென்றார்கள்.

சரி, பண்ணையில் வளர்ந்ததைத் திரும்ப ஓடையில் விடலாமே? விட்டும் பார்த்தார்கள். ஆனால், ஒரே இனம் என்று நினைத்திருந்தது குறைந்தது ஐந்து இனங்கள் என 2018இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. பண்ணைகளில் அவை கலந்துவிட்டன. அவற்றை ஓடையில் விட்டால் அந்தந்த ஆற்றுக்கே உரிய இனமும் கலப்பாகிவிடும். எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். மகள் இதற்கு ஒரு தனிப் பத்தியே ஒதுக்கலாம்.

லெமூர் கதை நேரடியானது. இயற்கையில் மடகாஸ்கரின் தெற்கிலும் தென்மேற்கிலும்தான் வாழ்கிறது. பயிர் நிலத்துக்காகவும் கரிக்காகவும் காட்டை அழிக்கிறார்கள். இறைச்சிக்கும் செல்லப்பிராணி வியாபாரத்துக்கும் பிடிக்கிறார்கள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரே குட்டி என்பதால் இழப்பைச் சீக்கிரம் ஈடுகட்ட முடியாது.

அப்புறம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் ஒப்பீடு ஒன்று: லெமூர் கூட்டத்தில் பெண்ணே தலைவி, குட்டியைச் சுமப்பவளும் தாய். சாலமண்டரிலோ முட்டைகளுக்குக் காவல் இருப்பது தந்தை. அட்டவணை போடும்போது ‘இயற்கையில்’, ‘மனிதர் பராமரிப்பில்’ என்று இரண்டு பத்திகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.