ஆக்சலாட்டிலோடு வீடு மாறுவது: கேள்வி பதில்

ஆக்சலாட்டில் (தண்ணீரிலேயே வாழும் ஒரு சாலமாண்டர் வகை) வளர்ப்பவர்களிடமிருந்து வீடு மாற்றம் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: தொட்டியில் பாதித் தண்ணீரை வைத்து, ஆக்சலாட்டிலையும் உள்ளேயே விட்டு அப்படியே வேனில் ஏற்றலாமா அண்ணா? தூக்க நாலு பேர் இருக்கிறோம்.

நீங்கள் தூக்கிவிடுவீர்கள், கண்ணாடிதான் தாங்காது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியில் பாதி என்றாலே 50 கிலோ, அதுவும் ஓரிடத்தில் நிற்காத 50 கிலோ. வண்டி பிரேக் போட்டால் அத்தனையும் ஒரு பக்கக் கண்ணாடியில் போய் மோதும். அப்போது உடையாவிட்டாலும் மூலையில் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகலாம். புது வீட்டில் நிரப்பிய பிறகுதான் கசிவு தெரியும். மணல், கல், குகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, காலித் தொட்டியைத் தட்டையான பலகை மேல் வைத்துக் கொண்டுபோங்கள்.

கே: ஆக்சலாட்டிலை எதில் வைத்துக் கொண்டுபோவது? பையா, டப்பாவா?

சில மணி நேரப் பயணம் என்றால் சோப்பு படாத, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். உடம்பு முழுக்க மூழ்கும் அளவு தண்ணீர், மேலே காற்றுக்கு இடம், மூடியில் சில துளைகள். இவற்றுக்குச் செவுளோடு நுரையீரலும் உண்டு. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கும். நெடுந்தூரம் என்றால் மீன் பை நல்லது: மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, இரட்டைப் பையாக.

ஒரு பைக்கு ஒன்றுதான். நெருக்கத்தில் பக்கத்தில் இருப்பதன் செவுளையோ காலையோ கவ்விவிடும். "கால்தான் திரும்ப முளைக்குமே" என்று ஒருவர் எழுதியிருந்தார். முளைக்கும், அதற்காக இழக்க வைக்க வேண்டுமா?

வலை போட்டுப் பிடிக்காதீர்கள். செவுள் இழைகளும் விரல்களும் சிக்கிக்கொள்ளும். டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, வால் பக்கம் விரலை மெதுவாகக் கொண்டுபோனால் தானாக உள்ளே நகரும்.

கே: வழியில் பசிக்கக் கூடாது என்று கிளம்பும் முன் நிறையக் கொடுக்கலாமா?

கூடாது. இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். வழியில் கழிவு போட்டால் அந்தச் சின்ன டப்பாவில் அம்மோனியா என்னும் நச்சு ஏறும், சில சமயம் தின்றதைக் கக்கியும் விடும். வளர்ந்த ஆக்சலாட்டில் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. குட்டிகள் அப்படியல்ல, அவற்றுக்குப் பயண நாள் மட்டும் நிறுத்தினால் போதும்.

கே: சார், வெயில் காலத்தில் மாறுகிறோம். ஐஸ் போடலாமா?

தண்ணீருக்குள் ஐஸ் கட்டி போடாதீர்கள், வெப்பம் சட்டென்று இறங்குவதும் கெடுதல். இவற்றுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் சுகம். 24-ஐத் தாண்டினால் ஆபத்து. டப்பாவைத் தெர்மாக்கோல் பெட்டிக்குள் வைத்து, ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் செருகுங்கள். டப்பாவை ஒட்டி வேண்டாம். ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். பெட்டியை மூடிவிட்டால் இருட்டாகிவிடும், அதுவும் நல்லதுதான். இமை இல்லாத கண்ணுக்கு வெளிச்சம் தொல்லை. டிக்கியில் வைக்காமல் ஏசி ஓடும் இடத்தில், உங்கள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பழைய தண்ணீரை கேன் கேனாகக் கொண்டுபோனால் நல்ல பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும்தானே?

நிறைய பேர் சிரமப்பட்டுச் சுமப்பது இதைத்தான். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் அந்தப் பாக்டீரியா தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான்; ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கிறது. ஆகவே ஸ்பாஞ்சைக் காய விடாதீர்கள், குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய வாளியில் போட்டு, மூடியை லேசாகத் திறந்து வையுங்கள். தூரம் அதிகம் என்றால் பேட்டரி ஏர் பம்பு ஒன்று ஓடட்டும்.

கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா ஃபில்டர்) வைத்திருப்பவர்கள் அதை மூடியபடியே எடுத்துப்போகாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா செத்து, தண்ணீர் அழுகிவிடும். அங்கே போய் ஸ்விட்சைப் போட்டால் அந்த நாற்றம் மொத்தமும் தொட்டிக்குள் கொட்டும்.

கே: போய்ச் சேர்ந்ததும் உடனே தொட்டியில் விடலாமா?

கட்டில், பீரோ எல்லாம் அப்புறம். முதலில் தொட்டியை நிறுத்தி ஃபில்டரை ஓடவிடுங்கள். தண்ணீரை ஒரு நாள் பிடித்துவைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரி, ஆனால் சில ஊர்களில் அதற்குப் பதில் கலக்கும் குளோரமைன் போகாது. புது ஊர்த் தண்ணீரில் எது இருக்கிறதென்று தெரியாதவரை இரண்டையும் முறிக்கும் கண்டிஷனர் திரவத்தை ஊற்றிவிடுவதே மேல். தொட்டித் தண்ணீரைச் சோதித்தால் அம்மோனியா, அது சிதையும்போது வரும் நைட்ரைட் இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் பூஜ்யம் காட்டும்வரை ஆக்சலாட்டில் தனியாக ஒரு டப்பில் இருக்கட்டும். டப்புத் தண்ணீரைத் தினமும் முழுசாக, அதே வெப்பத்தில் மாற்ற வேண்டும். பிறகு தொட்டித் தண்ணீரை டப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணி நேரம் பழக்கி விடுங்கள்.

கே: வந்து ரெண்டு நாளாகிறது. செவுள் முன்பக்கம் வளைந்திருக்கிறது, வால் நுனி சுருண்டிருக்கிறது, சாப்பிடவில்லை. பயமாக இருக்கிறது அண்ணா.

மிரண்டிருக்கிறது. முதலில் தண்ணீரையும் வெப்பத்தையும் சோதியுங்கள், ஃபில்டர் வேகத்தைக் குறையுங்கள், பழைய குகையையே உள்ளே வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில நாளில் தேறிவிடும். செவுளில் வெள்ளையாகப் பஞ்சு போல் தெரிந்தால் பூஞ்சை; கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: வேறு நாட்டுக்கு மாறினால்?

காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம் இது. வீட்டில் வளர்ந்ததாக இருந்தாலும் எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். போகிற இடத்தில் வளர்க்கவே தடை இருக்கலாம், உதாரணம் கலிபோர்னியா. டிக்கெட் போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கே: கடைசியாக ஒன்று. புது வீட்டில் ஜன்னலோரம் இடம் இருக்கிறது, அழகாகவும் இருக்கும்...

வேண்டாம். வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசியும் பிடிக்கும். உள்பக்கச் சுவரோரம் வையுங்கள்.