நீலப் பூவில் கல்யாணம்: சாயத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரியில் வைகாசி மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். மேடை, கையில் பிடிக்கும் பூங்கொத்து, மாலை எல்லாமே நீலத்தில் வேண்டும் என்கிறாள். அலங்காரத்துக்குப் பேச வந்தவர், இறக்குமதி நீல ரோஜாவும் குறிஞ்சிப் பூவும் கொண்டுவருவதாகச் சொல்லி, பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். எங்கள் வீட்டிலேயே ஹைட்ரேஞ்சியா நிறையப் பூக்கிறது. ஆனால் பறித்த ஒரு மணி நேரத்தில் தலை தொங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

நீல ரோஜா என்று இயற்கையில் ஒன்று கிடையாது. நீலத்துக்கு வேண்டிய நிறமியை உண்டாக்கும் திறன் ரோஜாச் செடிக்கே இல்லை. ஜப்பானில் மரபணுவை மாற்றி ஒரு ரோஜாவை உருவாக்கி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதுவும் பார்வைக்கு வெளிர் ஊதாதான். உங்கள் ஆள் கொண்டுவரப்போவது அது இல்லை. வெள்ளை ரோஜாவுக்குச் சாயம் ஏற்றி, 'இறக்குமதி' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, விலையை ஏற்றியிருக்கிறார். அவ்வளவுதான்.

குறிஞ்சி விஷயம் இன்னும் மோசம். கொடைக்கானல் பக்கம் 2006இலும் 2018இலும் நீலக்குறிஞ்சி பூத்தது. கணக்குப்படி அடுத்தது 2030. குறிஞ்சியில் வேறு இனங்கள் வேறு வருடங்களில் அங்கங்கே பூக்கும், உண்மைதான். ஆனால் காட்டில் பூத்ததைப் பறித்தால் வனத்துறை வழக்குப் போடும், அப்போது உங்கள் ஆளைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பெரும்பாலும் அவர் காகிதம் மாதிரி இருக்கும் ஊதா ஸ்டாட்டிஸ் பூவைக் காட்டி 'இதுதான் குறிஞ்சி' என்பார். வெளியூர் விருந்தினருக்கு வித்தியாசம் தெரியாது. கோத்தகிரிக்காரர் நீங்கள் ஏமாறலாமா?

சாயப் பூவை நான் ஏன் இவ்வளவு திட்டுகிறேன் என்று நினைக்கலாம். சில வருடங்களுக்கு முன் குன்னூரில் ஒரு முகூர்த்தம். மாப்பிள்ளை மாலையில் நீலம் அடித்த கார்னேஷன். மண்டப வாசலில் இறங்கும்போது ஒரு தூறல், ஐந்து நிமிடம்கூட இல்லை. சந்தன நிறப் பட்டுச் சட்டையின் நெஞ்சுப் பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. தாலி கட்டும் படங்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வைகாசியில் மழை எப்போது வரும் என்று உங்கள் ஊரில் யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரு சோதனை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, பூவிதழை அதில் வைத்து விரலால் அழுத்தித் தேயுங்கள். நீலம் இறங்கினால் அந்தப் பூ மனிதர் உடம்பில் படக் கூடாது.

இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு என்மேல் பழி போடாதீர்கள். சாயத்தை இரண்டு விதமாக ஏற்றுவார்கள். ஒன்று, மேலே ஸ்பிரே அடிப்பது. இதழ் விறைத்திருக்கும், காம்பிலும் பூவின் பச்சைக் கிண்ணத்திலும் நீலம் தெறித்திருக்கும். இதை எதற்கும் வாங்காதீர்கள். இன்னொன்று, வெள்ளைக் கார்னேஷனை இரவு முழுவதும் சாயத் தண்ணீரில் நிறுத்திக் காம்பு வழியே குடிக்க வைப்பது. காம்பைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே நீலம் தெரியும், இதழ் நரம்பு அடர்ந்திருக்கும், மேற்பரப்பு பூவைப் போலவே மெத்தென்று இருக்கும். இந்த இரண்டாவது ரகத்தை மேடையின் பின்தட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மேலே கூரை இருக்க வேண்டும். பெண் மாப்பிள்ளை நாற்காலிக்கும் அதற்கும் இரண்டடி இடைவெளி வேண்டும். குழந்தைகள் பிய்த்து விளையாடாத உயரம் வேண்டும். மாலைக்கு வேண்டாம், தலைக்கு வேண்டாம், கையில் பிடிக்கவும் வேண்டாம், ஏனென்றால் இதுவும் கசங்கினால் கறைவிடும். 'குடிச்ச சாயம்தான் சார், ஒட்டாது' என்று மாலையிலும் ஒன்றிரண்டு செருகப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

சரி, உங்கள் ஹைட்ரேஞ்சியாவுக்கு வருவோம். உங்கள் பிரச்சினைக்கு விடை உங்கள் வேலி ஓரத்திலேயே இருக்கிறது. தேயிலை வளரும் நம் புளிப்பு மண்ணில் செடி அலுமினியத்தை எளிதாக எடுத்துக்கொள்ளும், பூ நீலமாகும். சுண்ணாம்பு பட்ட சுவர் ஓரத்துச் செடி மட்டும் ரோஸ் நிறத்தில் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'மருந்து போட்டு அதையும் நீலமாக்கித் தருகிறேன்' என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள். அது மண்ணில் மாதக்கணக்கில் நடக்கிற வேலை, பறித்த பூவில் நடக்காது.

தலை தொங்குவதற்குக் காரணம், காம்பை வெட்டியதும் கசியும் பிசின் தண்ணீர் ஏறும் வழியை அடைத்துவிடுவது. விடியற்காலையில், வெயில் ஏறுமுன், வாளித் தண்ணீரைச் செடிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வையுங்கள். இளம் பூ வேண்டாம். தொட்டால் காகிதம் மாதிரி லேசாகச் சொரசொரக்கும் முதிர்ந்த கொத்தாகப் பாருங்கள், அதுதான் நிற்கும். இலைகளைக் கழித்துவிட்டு, காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் ஓர் அங்குல ஆழத்துக்கு அரை நிமிடம் பிடியுங்கள். ஆவி பூவில் படாமல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளலாம். அல்லது அடியைப் படிகாரப் பொடியில் தொட்டெடுங்கள். பிறகு கழுத்து வரை குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுவதும் நிறுத்துங்கள். அப்படியும் வாடினால் கொத்தைத் தலைகீழாகத் தண்ணீரில் முக்கி அரை மணி நேரம் விடுங்கள், நிமிர்ந்துகொள்ளும். பத்து நாள் முன்பே இரண்டு கொத்தை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள். இந்தப் பூ வயிற்றுக்கு ஆகாது. கேக்கின்மேல், பந்தியில், பழத்தட்டில் வைக்க விடாதீர்கள்.

கூடச் சேர்க்க, நீண்ட காம்பில் நீலக் கொத்தாகப் பூக்கும் அகபாந்தஸ் நல்லது. ஸ்டாட்டிஸ் காய்ந்தாலும் நிறம் போகாது. சங்குப்பூ அசல் நீலம், ஆனால் கீழ்நாட்டுப் பூ, அன்றைக்கே சுருண்டுவிடும். டிசம்பர் பூ வைகாசிக்கு வராது. கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின், இளந்துளிரில் ஒரு சாம்பல் நீலம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பூவை விட அது மேடைக்கு அழகு, காசும் இல்லை. தனியார் தோட்டத்தில் கேட்டு வெட்டிக்கொள்ளுங்கள்.

கார்னேஷன் உங்கள் பக்கத்துப் பசுமைக்குடிலிலேயே வளர்கிறது. நேராகப் போய் 20 காம்புக் கட்டாக வாங்குங்கள். கோத்தகிரியில் வெட்டிய பூ பெங்களூருக்கு இறங்கி, அங்கே இரண்டு கை மாறி, 'பெங்களூர் சரக்கு' என்று அதே மலைக்கு ஏறி வருகிற கூத்தை நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். விளைகிற இடத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கும் சில்லறைச் சந்தையும் ஒழுங்காக இருந்தால் இந்த இடைத்தரகர் பிழைப்பே நடக்காது. கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், கலைகிறார்கள். கீழிருந்து அலங்கார ஆட்களை வரவழைத்தால், மலையேறும் வண்டிக்கு வேண்டிய ஈ-பாஸ், பிளாஸ்டிக் சோதனை எல்லாவற்றையும் அவர்களையே முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூவைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையைச் சோதனைச்சாவடியில் உரித்துப் போட்டுவிட்டு, வெயிலில் வண்டியை நிறுத்தி வைத்தால் அந்தப் பூவுக்கு யார் பொறுப்பு?

யாரிடம் பேசினாலும் 'மொத்தமாக இவ்வளவு' என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். பூவின் பெயர், எத்தனை காம்பு, இயற்கை நிறமா சாயமா, எத்தனை மணிக்கு வரும் என்று எழுதி வாங்குங்கள். முன்பணம் கால் பங்கு போதும்.

முகூர்த்த மாலையில் நீலம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அதோடு சம்பங்கிக்கும் ரோஜாவுக்கும் முன்னால் எந்த நீலப் பூவும் மாலையில் எடுபடாது. நீலத்தைச் சாயங்கால வரவேற்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போகஸ் லைட் போட்டால் நீலம் செத்துப்போகும். வெள்ளை விளக்குக் கேளுங்கள், பக்கத்தில் வெள்ளைப் பூவையும் கலந்து வையுங்கள்.

கடைசியாக, மண்டபத்தில் பூ வாளிகளை ஸ்டோர் ரூமில் வைக்கச் சொல்வார்கள். பந்திக்கான வாழைத்தாரும் அங்கேதான் தொங்கும். பழுக்கிற பழத்திலிருந்து வரும் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்ளே சுருங்கி, ஒரே இரவில் தூங்கிப்போகும். வேறு அறை கேளுங்கள். இல்லை என்றால் வராந்தாவில் வையுங்கள், கோத்தகிரிக் குளிருக்கு அதுவே போதும்.