ஆங்கிலம் பழக மூன்று வரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தை வாசித்தால் எனக்குப் புரிகிறது. செய்தித்தாள், அலுவலக மின்னஞ்சல் எல்லாம் படித்துவிடுவேன். நானாக நான்கு வாக்கியம் எழுத உட்கார்ந்தால்தான் கை ஓடுவதில்லை. இலக்கணப் புத்தகங்கள் இரண்டு வாங்கினேன், இரண்டும் பாதியில் நிற்கின்றன. தமிழில் கொஞ்சம் கவிதை எழுதுவேன். அதனால் ஆங்கிலத்திலும் சின்னக் கவிதைகள் எழுதிப் பார்த்தே மொழியைப் பழகலாம் என்று தொடங்கினேன். ஒன்றைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

மூன் இஸ் ஷைனிங் இன் தி ஸ்கை,
வெரி சேட் அண்ட் லோன்லி ஐ.
ஆல் தி ஸ்டார்ஸ் ஆர் கோயிங் பை,
ஆஸ்கிங் மீ தி ரீசன் வை.

இதைப் பார்த்த நண்பர் ஒருவர் "இலக்கணமே வரவில்லை, அதற்குள் கவிதையா?" என்று சிரித்தார். இலக்கணத்தை முடித்துவிட்டுத்தான் இதற்கு வரவேண்டுமா? எதுகை இல்லாமல் எழுதினால் அது கவிதையா? பிழைகளை யாரிடம் காட்டித் திருத்துவது?

நித்யா

அன்புள்ள நித்யா,

இலக்கணத்தை முடித்துவிட்டு வரத் தேவையில்லை. அது முடிகிற காரியமும் இல்லை. ஆனால் நண்பர் சிரித்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அவர் சொன்ன காரணம்தான் தவறு. உங்களுக்கு இலக்கணம் தெரியும். அதைக் கெடுத்தது அந்த ஓசை ஒப்புமை.

இரண்டாம் வரியைப் பாருங்கள். "வெரி சேட் அண்ட் லோன்லி ஐ." உரைநடையில் நீங்கள் இப்படி ஒருநாளும் எழுதமாட்டீர்கள். "ஐ ஆம் சேட் அண்ட் லோன்லி" என்றுதான் எழுதியிருப்பீர்கள். "ஸ்கை"க்கு ஒரு ஜோடி வேண்டும் என்பதற்காக "ஐ" வரியின் கடைசிக்குப் போனது, போகிற வழியில் "ஆம்" உதிர்ந்துவிட்டது. தமிழில் "தனியள் நான்" என்று வினைச்சொல்லே இல்லாமல் சொல்லலாம், சொற்களை முன்பின்னாகவும் மாற்றலாம். எது எழுவாய் என்பதை வேற்றுமை உருபும் வினையின் விகுதியும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் செய்கிறது, இடம் மாறினால் பொருள் தடுமாறும். மூன்றாம் வரியிலும் இதே கதைதான். நட்சத்திரங்கள் எங்கும் போகவில்லை, "பை" கிடைத்ததால் போயின. ஸ்கை, ஐ, பை, வை என்று நான்கு சொற்கள் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டன, வாக்கியங்கள் அவற்றுக்கு இடையில் நிரப்பப்பட்டன.

ஒரு சின்னத் திருத்தம். வரியின் கடைசியில் ஓசை ஒத்து வருவதை நம் யாப்பில் இயைபு என்பார்கள், எதுகை இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கிலக் கவிதைக்கு இயைபு கட்டாயமில்லை. பழைய ஆங்கிலப் பாட்டுகளே முதல் ஒலி ஒத்துவரும் ஒருவகை மோனையில்தான் நின்றன. கற்றுக்கொள்ள எழுதுபவர் முதல் சில மாதங்கள் இயைபைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி அதே நிலாவை வேறு மாதிரி எழுதிப் பார்ப்போம். வருத்தம், தனிமை எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒன்று, கை செய்த ஒன்று, பிறகு நடந்த ஒன்று. மூன்றும் முழு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் ஏழு சொல்லுக்குள்.

தி மூன் இஸ் இன் எ பக்கெட்.
ஐ மூவ் தி பக்கெட்.
தி மூன் கம்ஸ் டூ.

கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் தமிழர்கள் ஆங்கிலத்தில் வழக்கமாகச் சறுக்கும் நான்கு இடங்கள் இந்த மூன்று வரிக்குள் இருக்கின்றன. நிலா ஒன்றுதான், அதனால் முன்னால் "தி" வேண்டும். உங்கள் முதல் வரியில் அது விட்டுப்போயிருந்தது. வாளி முதலில் வரும்போது "எ", வாசிப்பவருக்கு அது தெரிந்த வாளி ஆனபிறகு "தி". "இன்" என்பதற்குப் பதில் "ஆன்" போட்டால் நிலா வாளியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும். நமக்கு வாளியில், சுவரில், வாசலில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே "இல்" போதும். அவர்களுக்கு இன், ஆன், அட் என்று மூன்று வேண்டும். நான்காவது, "ஐ மூவ்" என்றபின் "தி மூன் கம்ஸ்" என்பதில் ஒட்டிக்கொள்ளும் அந்த "ஸ்".

இருநூறு சொல் கட்டுரையில் இவை கண்ணில் படாமல் நழுவிவிடும். பதினைந்து சொல்லில் ஒளிந்துகொள்ள இடமில்லை. குறுங்கவிதையால் மொழி கற்பவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான், அதனால்தான் தினம் ஒரு கவிதை எழுதாதீர்கள் என்கிறேன். வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாட்களில் அதையே உடைத்து உடைத்து எழுதுங்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம்.

உடைப்பது எப்படி? முதல் நாள் எழுதியதை மறுநாள் இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள்: வாஸ், மூவ்ட், கேம். அடுத்த நாள் "ஐ" இருந்த இடத்தில் "ஷி" போடுங்கள், "மூவ்" உடனே "மூவ்ஸ்" ஆகவேண்டும். அதற்கடுத்த நாள் எதிர்மறை. "தி மூன் டஸ் நாட் கம்." இங்கேதான் பலர் "டஸ் நாட் கம்ஸ்" என்று எழுதுகிறார்கள். "டஸ்" ஏற்கெனவே அந்த "ஸ்"ஸை எடுத்துக்கொண்டது, இரண்டாவது கிடையாது. பிறகு கேள்வி: "டஸ் தி மூன் கம் டூ?" கடைசியாக எண்ணிக்கை. "தேர் இஸ் எ மூன் இன் ஈவ்ரி பக்கெட்." வாளிகள் பல, ஆனாலும் "ஈவ்ரி" வந்தால் ஒருமைதான். வாரக் கடைசியில் ஆறு வடிவங்கள் கையில் இருக்கும், அவற்றில் ஒன்று முதலாவதைவிட நல்ல கவிதையாகவும் இருக்கக்கூடும். எதிர்மறை வடிவம் பல நேரம் அப்படி அமையும்.

கற்பவர்களுக்கென்றே தயாரித்த ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று பக்கத்தில் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்ச் சொல்லைத் தேடி அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லை எடுத்துப் போடும் பழக்கம் கவிதையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மழை பலமாகப் பெய்தால் அவர்களுக்கு "ஹெவி ரெயின்", காற்று பலமாக வீசினால் "ஸ்ட்ராங் விண்ட்". எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது எடுத்துக்காட்டு வாக்கியங்களில்தான் தெரியும். பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் எண்ணத்தக்கதா இல்லையா என்ற குறிப்பும் இருக்கும், அதையும் பாருங்கள். "ஹேர்" என்றால் தலைமுடி முழுக்க, "எ ஹேர்" என்றால் ஒற்றை முடி. "எ ஹேர் ஆன் தி பில்லோ" என்பதில் அந்த "எ"தான் கவிதை. அதே துணிச்சலில் "எ ஸ்மோக்" என்று எழுதினால் அங்கே புகை இருக்காது, யாரோ சிகரெட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

எழுதியதை உரக்க வாசிக்கவேண்டும். அசை (ஓர் உயிரொலியோடு நிற்கும் ஒலித்துண்டு, ஆங்கிலத்தில் சிலபிள்) எண்ணும் பயிற்சி இங்கே உதவும், ஆனால் நாம் தவறாகத்தான் எண்ணத் தொடங்குவோம். நம் நாக்கு வல்லின மெய்யில் நிற்காது, குற்றியலுகரத்தைச் சேர்த்துக்கொள்ளும். "பக்கெட்" ஆங்கிலத்தில் இரண்டு அசை, நாம் "பக்கெட்டு" என்று மூன்றாக்குவோம். "ஃபில்ம்" ஓர் அசை, நமக்கு "ஃபிலிம்". "ஸ்கூல்" ஓர் அசை, முன்னால் ஓர் இகரம் வந்தால் இரண்டு. இறந்தகால "எட்" இன்னும் பெரிய பொறி. வினைச்சொல்லின் கடைசி ஒலி "ட்" என்று முடிந்தால்தான் அது தனி அசையாகும்: வான்டட், நீடட். மற்றபடி வாக்ட், வாஷ்ட், லாஃப்ட் எல்லாம் ஓரசைதான், எழுத்து எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. கூட்டி எண்ணியதால் ஒரு வரி நீளமாகத் தெரிகிறதென்றால் வரியை வெட்டாதீர்கள், உச்சரிப்பைச் சரிபாருங்கள்.

அசை எண்ணிக்கையைவிட முக்கியம் அழுத்தம். நம் யாப்பு குறில் நெடிலைக் கணக்கில் வைக்கிறது, ஆங்கிலம் எந்த அசை ஓங்குகிறது என்பதை வைத்து நடக்கிறது. "தி மூன் இஸ் இன் எ பக்கெட்" என்பதில் ஓங்குவது "மூன்", "பக்" இரண்டும்தான். இடையில் உள்ள மூன்று குட்டிச் சொற்களும் சுருங்கி ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். நாம் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்து வாசிப்போம், அதனால்தான் நாம் பேசுவது அவர்களுக்கும் அவர்கள் பேசுவது நமக்கும் பிடிபடாமல் போகிறது. ஓங்கும் இடத்தில் மட்டும் மேசையில் விரலால் தட்டி வாசித்துப் பாருங்கள். மூன்றாம் வரியில் மூன், கம்ஸ், டூ மூன்றும் அடுத்தடுத்து ஓங்கும், வரி தானாக நிதானமாகும். ஒரு சொல்லில் எந்த அசை ஓங்கும் என்று தெரியாவிட்டால் அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள், ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன நிமிர்ந்த கோடு இருக்கும்.

வடிவம் வேண்டுமென்றால் ஹைக்கூவுக்கு ஓடவேண்டாம். ஐந்து-ஏழு-ஐந்து என்பது ஜப்பானிய ஒலிக்கணக்கு, அது நம் மாத்திரைக்கு நெருக்கமானது. அவர்கள் கணக்கில் "டோக்கியோ"வில் இரண்டு நெடிலுக்குமாகச் சேர்த்து நான்கு ஒலி. ஆங்கில அசை பதினேழில் அதைவிட நிறையச் செய்தி அடங்கிவிடும். அதனால் இடத்தை நிரப்ப "வெரி", "ரியலி" என்று திணிப்போம், இடம் போதாவிட்டால் "தி"யைப் பிடுங்கி எறிவோம். இரண்டுமே நாம் விடவேண்டிய பழக்கங்கள்.

கற்பவருக்குப் பொருத்தமானது சின்க்வெயின் என்ற ஐந்து வரி வடிவம். அமெரிக்கக் கவிஞர் அடிலெய்ட் கிராப்சி (1878–1914) உருவாக்கியதில் அசைக்கணக்கு 2, 4, 6, 8, 2. வகுப்பறைகளில் புழங்குவது சொற்கணக்கில் எளிதாக்கிய வடிவம்: ஒரு பெயர்ச்சொல், இரண்டு பெயரடை, "இங்" என்று முடியும் மூன்று வினை, நான்கு சொல்லில் ஒரு வாக்கியம், கடைசியில் மறுபடி ஒரு பெயர்ச்சொல்.

ரெயின்
சடன், வார்ம்
டேப்பிங், ஸ்லைடிங், டிரிப்பிங்
தி குளோத்ஸ் ஆர் அவுட்சைட்.
ரன்!

கடைசி வரியில் விதி மீறப்பட்டிருக்கிறது; மீறியதால்தான் இது பயிற்சித்தாளிலிருந்து கொஞ்சம் எழும்புகிறது. மூன்றாம் வரியில் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் செயல்களை மட்டும் போடுங்கள். "நோயிங்", "ஹேவிங்" போன்றவை அங்கே வந்தால் நம் பழைய வழக்கமான "ஐ ஆம் நோயிங்" எட்டிப் பார்க்கும். "குளோத்ஸ்" எப்போதும் பன்மை, ஆகவே "ஆர்", உச்சரிப்பில் ஓரசைதான்.

ஆறு மாதம் கழித்து இயைபுக்குத் திரும்பலாம், உச்சரிப்புப் பயிற்சியாக. ஃபூட், குட், பிளட் மூன்றையும் ஒரே மாதிரி இரட்டை "ஓ" போட்டுத்தான் எழுதுகிறார்கள், ஒன்றோடொன்று இயையாது. எழுத்தைப் பார்த்தால் "சேய்ட்" என்று வாசிக்கத் தோன்றும் "செட்" ("சொன்னார்" என்பதற்கான சொல்) போய் "பெட்"டோடு இயையும். எழுத்தைப் பார்த்து ஜோடி சேர்த்தவர் இங்கே அகப்பட்டுக்கொள்வார்.

பிழை திருத்த ஆள் வேண்டுமே என்றீர்கள். முதல் ஆள் நீங்கள்தான். வரிகளை ஒட்டி, பத்தியாக எழுதி, உரைநடையாக வாசியுங்கள். உரைநடையில் பிழையாகத் தெரிவது வரி பிரித்ததால் சரியாகிவிடாது. "கவிதைக்கு விதிவிலக்கு உண்டு" என்ற சமாதானத்தை முதல் ஆண்டு யாரிடமும் சொல்லாதீர்கள். இலக்கணம் பார்க்கும் மென்பொருளுக்கும் இந்தப் பத்தி வடிவத்தைத்தான் கொடுக்கவேண்டும். பிரித்த வரிகளைக் கொடுத்தால் நல்ல வரியையும் முடியாத வாக்கியம் என்று கோடு போடும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் "இதை மேம்படுத்து" என்று மட்டும் கேட்கவேண்டாம். வாளியைத் தூக்கிவிட்டு வெள்ளிச் சரிகை, மௌனத்தின் நடனம் என்று எதையாவது வைத்துக் கொடுத்துவிடும், உங்களுக்கு அதில் ஒன்றும் படியாது. "எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல், திருத்தாதே" என்று கேளுங்கள். பதில் வந்தபின் அதையும் அகராதியில் சரிபாருங்கள்.

மனிதர் யாராவது கிடைத்தால் திருத்தச் சொல்லவேண்டாம், உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் பென்சிலால் புள்ளி வையுங்கள்.

இதனால் எல்லாம் வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். "தி", "இன்", "ஸ்" போன்ற சிறுசொற்கள், சொல் நிற்கும் ஒழுங்கு, காலம், உச்சரிப்பு ஆகியவை நன்றாகப் படியும். எதிரில் இருப்பவரின் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வதும் இரண்டு பக்கக் கடிதம் எழுதுவதும் இதில் வராது. பேச்சுக்குத் தினமும் காது கொடுத்துக் கேட்கவேண்டும், கூடப் பேச ஆள் வேண்டும். அதற்கு வேறு பதினைந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.