வேறு ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து ஆன்லைனில் ஒரு செயல்திட்டம் நடத்த எப்படித் திட்டமிடுவது, எந்த ஆப் நல்லது?

ஆப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வகுப்பு தனியாக உட்கார்ந்து விடை காணவே முடியாத ஒரு கேள்வி வேண்டும். அது இல்லாவிட்டால் இரண்டு பள்ளியும் வீடியோவில் வணக்கம் சொல்லி, ஆளுக்கொரு சார்ட் காட்டுவதோடு கதை முடிந்துவிடும்.

அறிவியல், கணக்கு ஆசிரியர்களுக்கு நான் சொல்வது பூமியின் சுற்றளவை அளப்பது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்ததுதான். நாகர்கோவிலும் டெல்லியும் 77 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியே இருப்பதால் உச்சிப்பொழுது ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். பிப்ரவரி 10 வாக்கில் ஒரு மீட்டர் கம்பு நட்டால், நாகர்கோவிலில் நிழல் சுமார் 42 செ.மீ., டெல்லியில் சுமார் 94 செ.மீ. எட்டாம் வகுப்பில் முக்கோணவியலின் டான் (tan) தெரியாது. கம்பையும் நிழலையும் அளவுக்கு வரைந்து, கம்புக்கும் சூரியக் கதிருக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளக்கட்டும். இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசம் 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். நேர்தூரம் சுமார் 2,265 கி.மீ. (பிள்ளைகள் ரயில் தூரத்தைத் தேடி எடுப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.) 360ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் 40,000 கி.மீ. பக்கத்தில் வரும்.

திட்டமிடலில் பாதி வேலை தேதி பிடிப்பதுதான். மார்ச்சில் தேர்வு. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நாகர்கோவிலில் உச்சி நிழல் தெற்கே விழும். கோணங்களைக் கழிக்காமல் கூட்ட வேண்டும், முதல் தடவைக்கு அது குழப்பம். ஐப்பசி கார்த்திகையில் நாகர்கோவிலில் மழை, டிசம்பர் ஜனவரியில் டெல்லியில் மூடுபனி. எனவே பிப்ரவரி. அதிலும் ஒரே நாளை நம்பாமல் அடுத்தடுத்து மூன்று நாள் ஒதுக்குங்கள். உச்சி 12 மணிக்கு வராது, 12.35 வாக்கில் வரும். 12.15 முதல் 12.55 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, மிகக் குறைந்த நிழலை எடுக்க வேண்டும். கம்புக்குத் தூக்குக்குண்டு, தரைக்கு ரசமட்டம். தெரிந்த கொத்தனாரிடம் கேட்டாலே கிடைக்கும்.

மாணவர்களுக்கு முன்னால் இரண்டு ஆசிரியர்களும் ஒரு வெள்ளோட்டம் பார்த்துவிடுங்கள். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் கேட்டுப் பார்த்தால் மொழிச் சிக்கலும் இருக்காது.

சரி, ஆப். ஒரு கூகுள் ஷீட், ஆசிரியர்களுக்குள் வாட்ஸ்அப். போதும். நேரம், கம்பின் உயரம், நிழல், அளந்த குழு என்று நான்கு நெடுவரிசை, அலகு செ.மீ. என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். மாணவர் பெயரோ முகமோ அதில் தேவையில்லை, குழுப்பெயர் போதும்.

வீடியோ அழைப்பை அறிமுகத்துக்கு வீணாக்காமல், எண்கள் வந்த பிறகு வையுங்கள். ஒரு குழுவுக்கு 46,000 என்று வந்திருக்கும். கம்பு சாய்ந்ததா, தரை சரிவா, நேரம் தப்பியதா என்று இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் குறுக்கு விசாரணை செய்வார்கள். என்னைக் கேட்டால் செயல்திட்டமே அந்த முக்கால் மணி நேரம்தான். மதிப்பெண்ணையும் சரியான விடைக்குப் போடாமல், பிழையை எப்படித் தேடினார்கள் என்பதற்குப் போடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை எல்லாக் குழுவும் பாடப்புத்தகத்தைப் பார்த்து 40,000 என்று எழுதி வைத்துவிடும்.