தொலைக்காட்சி நகைச்சுவையில் ‘சாத்தானோடு பேரம்’ என்றால் என்ன? அது ஏன் சிரிப்பூட்டுகிறது?

ஒருவர் தன் ஆன்மாவை எழுதிக் கொடுத்து, பதிலுக்கு ஒரு வரம் வாங்குவார். வரம் சொன்னபடியே வரும், ஆனால் அவர் நினைத்தபடி வராது. கதை இவ்வளவுதான்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழைய செட்டிநாட்டு வீட்டின் தேக்குக் கதவுக்கு விலை பேசி முடிக்கிறீர்கள். வண்டியில் ஏற்றும்போது, “நிலை, பூட்டு எல்லாம் தனி விலைங்க” என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள்தான் கேட்கவில்லை. சிரிப்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

‘ட்விலைட் ஸோன்’ தொடரில் 1959இல் வந்த கதையில் ஒருவர் சாகாவரம் வாங்குகிறார். கொஞ்ச நாளில் சலித்துப்போய், மரண தண்டனைக்கான மின்சார நாற்காலியையும் பார்த்துவிடலாமென்று, செய்யாத கொலையை ஒப்புக்கொள்கிறார். வக்கீல் திறமையாக வாதாடி ஆயுள் தண்டனையாகக் குறைத்துவிடுகிறார்! சாகாதவனுக்கு ஆயுள் தண்டனை.

‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூன் தொடர் 1993இல் தப்பிக்கும் வழியையும் காட்டியது. ஒரு டோனட்டுக்கு ஆன்மாவை விற்கிறார் அந்தத் தொடரின் குடும்பத் தலைவர் ஹோமர். ஆனால் அது ஏற்கெனவே மனைவிக்கு எழுதிக் கொடுத்தது என்று கல்யாணப் படத்தின் பின்பக்கம் எழுதியிருப்பது நிரூபிக்கிறது. இப்படிக் கடைசியில் ஒரு காகிதத்தைத் திடீரென நீட்டினால் பொதுவாகக் கதை படுத்துவிடும். இங்கே பிழைப்பது, அந்தக் காகிதமே ஒரு நகைச்சுவையாக இருப்பதால்.

சாத்தான் வாக்குத் தவறி ஏமாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்தக் கதைகளில் பெரும்பாலும் ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பதே அவன்தான்.