மாட்டுக்கும் ஒரு மேடு

அன்புள்ள ஐயா,

எனக்கு வேதாரண்யம் பக்கம். கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறேன். அப்பா உப்பளத்தில் வேலை செய்கிறார். படிப்புக்காக எங்கள் தெருவில் வீடு வீடாகக் கேள்வித்தாளோடு போனேன். ‘காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?’ என்று கேட்டால், ‘அதெல்லாம் தெரியாதும்மா, கலிகாலம்’ என்கிறார்கள். அப்பாவும் அதையேதான் சொன்னார். 2018-ல் கஜாவை நேரில் பார்த்த ஊர் இது. நம்பிக்கையே இல்லாதவர்களை அடுத்த புயலுக்கு எப்படித் தயார் செய்வது? முதலில் அறிவியலைப் புரியவைக்க வேண்டாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பாவிடம் இன்னொரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘பாத்தி கட்டி உப்பு விளையும் நேரத்தில் மழை வந்து கெடுத்தது எந்தெந்த வருஷம்?’ விரல்விட்டு எண்ணிச் சொல்வார் என்று நினைக்கிறேன். அவர் கலிகாலம் என்பதற்குள் அதுவும் இருக்கிறது. உங்கள் கேள்வித்தாளில் இருக்கும் சொல்தான் அவருக்குப் பழக்கமில்லை.

2011-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தியா முழுக்க 4,031 பேரிடம் இதே போலக் கேட்டார்கள். புவி வெப்பமடைவதைப் பற்றி நிறையத் தெரியும் என்றவர்கள் வெறும் 7 சதவீதம். கேள்விப்பட்டதே இல்லை, அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். அதே ஆட்களிடம் அது இன்னதென்று சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது, 72 சதவீதம் பேர் ஆமாம், நடக்கிறது என்றார்கள். ஓரிரு வரி விளக்கத்தில் யாரும் விஞ்ஞானம் கற்றுவிட முடியாது. அவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். புரியவைத்த பிறகுதான் தயார் செய்ய முடியுமா? வங்கதேசத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1970 நவம்பரில் போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991 ஏப்ரல் 29 இரவு வந்த புயலில் சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பரில் சிடர் வந்தபோது சுமார் 3,400 பேர். அந்த எண்ணிக்கையும் கொடுமைதான். ஆனால் சிடர் சின்னப் புயல் இல்லை. கடலும் கரையும் அதே கடலும் கரையும்தான், கரையில் ஜனமோ கூடியிருந்தது.

1991-க்குப் பிறகு ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்களிடம் விசாரித்தார்கள். ஓர் ஆய்வில், செங்கல், கான்கிரீட் கட்டிடத்துக்குப் போய்ச் சேராதவர்களில் கிட்டத்தட்ட 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். எச்சரிக்கை வந்தது, பலர் காதிலும் விழுந்தது. ஆனாலும் கிளம்பவில்லை. காரணங்களைப் படித்தால் நம் ஊர் ஞாபகம்தான் வரும். இவ்வளவு பெரிதாக வரும் என்று நினைக்கவில்லை. வீட்டைப் போட்டுவிட்டுப் போனால் திருட்டுப் போய்விடும். புகலிடம் தூரம், போனாலும் இடம் இருக்காது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நாற்பது தாண்டிய பெண்களும்தான் அதிகம் இறந்துபோனார்கள். அந்த ஆய்வை இப்போது எடுத்தாலும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிக்க முடிகிறது.

இந்தக் காரணங்களில் எத்தனை, அறிவியல் புரியாததால் வந்தவை?

வங்கதேசம் செய்தது இதுதான். 1972-லேயே செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து புயல் தயார்நிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அந்தந்த ஊர் ஆட்களே தன்னார்வலர்கள். கையில் ஒலிபெருக்கியும் கையால் சுற்றும் சைரனும் கொடியும். இன்று அவர்கள் 76,000-க்கு மேல், அதில் பாதிப்பேர் பெண்கள். இதன் அருமை, கணவர் வந்து சொல்லட்டும் என்று வாசலில் காத்திருந்த பெண்களை நினைத்தால்தான் விளங்கும். பக்கத்து வீட்டு அக்கா வந்து ‘பிள்ளையைத் தூக்கு, கிளம்பு’ என்று சொல்வதும் வானொலி சொல்வதும் ஒன்றா? புகலிடங்களிலும் பலவற்றைப் பள்ளிக்கூடமாகவே கட்டினார்கள். குழந்தைகள் தினமும் போகிற இடம் என்பதால் ராத்திரியிலும் வழி தெரியும்.

அப்புறம், மாடு. மாட்டை விட்டுவிட்டு யார் வருவார்கள்? கஜாவுக்கு முந்தின நாள் என் அத்தை, ‘சினை மாட்டைத் தண்ணியில விட்டுட்டு நான் மட்டும் வந்து என்ன பண்ண?’ என்று திண்ணையை விட்டு எழவே இல்லை. வங்கதேசத்தில் 1970-களிலேயே மாடுகளுக்கென்று மண்மேடு போட்டிருக்கிறார்கள். கில்லா என்பார்கள். அந்த மேட்டை யோசித்தவர் ஜனங்களின் மனதை முழுதாகப் படித்தவர்.

ஆனால் நம்பிக்கைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிடருக்கு இரண்டு மாதம் முன்னால், அதே கரையில் சுனாமி வரும் என்று எச்சரிக்கை விட்டார்கள். அது வரவில்லை. சிடர் எச்சரிக்கையின்போது அதை நினைத்தே சிலர் வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்களுக்கு இல்லாமல் போனது, சொன்னவர்மேல் இருந்த நம்பிக்கை. உங்கள் கேள்வித்தாளில் இதை அளக்க ஓர் இடம் வேண்டும். தாசில்தார் சொன்னால் கிளம்புவார்களா, பஞ்சாயத்துத் தலைவர் சொன்னாலா, மகள் சொன்னாலா?

இதெல்லாம் உயிரைக் காப்பாற்றும். நிலத்தைக் காப்பாற்றாது. 2009 மே மாதம் அய்லா புயல் வந்து வங்கதேசத்தின் சாத்கீரா, குல்னா பக்கம் கரைகளை உடைத்தபோது உப்புத் தண்ணீர் வயல்களில் மாதக்கணக்கில் நின்றது. அதற்கு ஒலிபெருக்கி போதாது. கரை வேண்டும், பணம் வேண்டும், புகையைக் குறைக்கிற அரசுகள் வேண்டும். அங்கேதான் அறிவியலைப் புரியவைக்கிற வேலை அவசியம். அந்த வகுப்பை முதலில் எடுக்க வேண்டியது உங்கள் அப்பாவுக்கு இல்லை.

அடுத்த தடவை தெருவில் போகும்போது இந்த மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கஜா ராத்திரி எங்கே இருந்தீர்கள்? எதை விட்டுவிட்டு வர மனசில்லை? முகாம் கட்டிடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? பதில்களை எனக்கும் அனுப்புங்கள். குறிப்பாக அந்தச் சாவியைப் பற்றி.